ஒரே பக்கம் விழுந்த இரண்டு முறுக்கு: அவிழ்ந்துகொண்டே இருந்த ஒரு ஷூ லேஸ்

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் இடையே ஒரு சிறிய பிசியோதெரபி நிலையம் நடத்துகிறேன். இங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் தறிக்காரர்கள், இல்லையென்றால் தறிக்காரர் வீட்டுப் பெரியவர்கள். அப்படி வந்த ஒருவரைப் பற்றியது இந்தக் குறிப்பு. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஷூ லேஸ் எப்படிக் கட்டுகிறார் என்பதை முதல் நாளே பார்த்திருந்தால், இதில் வரும் ஒரு புண்ணைத் தவிர்த்திருக்கலாம். அதனால்தான் முழுவதையும் பதிவு செய்கிறேன்.

பின்னணி

அவருக்கு 64 வயது. நாற்பது வருடம் விசைத்தறியில் காடா துணி ஓட்டியவர். இப்போது மகன் தறியைப் பார்த்துக்கொள்கிறார். சர்க்கரை நோய் வந்து 14 வருடம் ஆகிறது. பாதத்தில் மரத்துப்போன உணர்வு தொடங்கியிருந்ததால், வெறுங்காலோடும் செருப்போடும் நடக்க வேண்டாம், காலை நடைக்கு லேஸ் வைத்த ஷூ வாங்கிப் போடுங்கள் என்று அவருடைய மருத்துவர் சொல்லியிருக்கிறார். நல்ல அறிவுரை. ஆனால் அவர் வாழ்நாளில் ஷூ போட்டதே இல்லை. கல்யாணத்துக்கும் செருப்புதான்.

வீட்டில் ஷூ கட்டத் தெரிந்த ஒரே ஆள் எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். ஷூ வாங்கிய மூன்றாவது வாரம், விடியற்காலையில் நடந்துகொண்டிருந்தபோது வலது ஷூவின் லேஸ் அவிழ்ந்தது. அதை இடது காலால் மிதித்து, வலது காலைத் தூக்கப் போய், இடது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்த பிறகு, மணிக்கட்டு மடங்கவில்லை என்று என்னிடம் அனுப்பினார்கள்.

முதல் நாள் பார்த்தது

இடது மணிக்கட்டு இரண்டு பக்கமும் பாதி அளவுதான் மடங்கியது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடி பலவீனமாக இருந்தது. பாதங்களை 10 கிராம் மோனோஃபிலமென்ட் வைத்துச் சோதித்தேன். நைலான் நரம்பு போன்ற அந்த இழை வளையும்வரை தோலில் அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பது வழக்கம். ஒரு காலுக்குப் பத்து இடம் பார்த்ததில் வலது காலில் நான்கு இடத்திலும் இடது காலில் மூன்று இடத்திலும் அவருக்குத் தெரியவில்லை.

விழுந்த கதையைக் கேட்டபோது அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

"அவுந்துக்கிட்டே கெடக்குதுங்க அம்மிணி. ஊட்டுல இருந்து கோயலு போறதுக்குள்ள ரெண்டு தடவை குனியோணும். அறுந்த இழைக்கு முடி போட்டே நாப்பது வருசம் ஓட்டுன கையிங்க இது. இந்த ஒரு லேசு எனக்கு நிக்க மாட்டீங்குது."

இதைக் கேட்டதும் நான் நின்றிருக்க வேண்டும். முடிச்சுப் போடத் தெரியாத ஆள் இல்லை அவர். இழுத்துக் கட்டத் தெரியாதவரும் இல்லை. அப்படியென்றால் கட்டும் முறையிலேயே ஏதோ கோளாறு என்று யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. என் கவனமெல்லாம் மணிக்கட்டிலும் மரத்துப்போன பாதத்திலும் இருந்தது. லேஸை ஒரு கவனக்குறைவாக மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

முதல் முடிவு: இரட்டை முடிச்சு

மறுபடியும் விழக்கூடாது என்பதுதான் அப்போதைய அவசரம். வழக்கமான முடிச்சுக்கு மேல் அந்த இரண்டு காதுகளையும் வைத்து இன்னொரு முடிச்சுப் போடச் சொன்னேன். லேஸில் வரும் வளையங்களைக் காது என்றுதான் இங்கே சொல்வோம். அதற்கு மேல் யோசிக்காமல் மணிக்கட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டேன்.

லேஸ் அதன்பிறகு அவிழவில்லை. அந்த அளவில் நான் சொன்னது பலித்தது. ஆனால் வீட்டுக்குப் போனால் அவரால் அவிழ்க்கவும் முடியவில்லை. மடங்காத மணிக்கட்டு, பலமில்லாத பிடி, இறுகிப்போன இரட்டை முடிச்சு. இரண்டு நாள் மனைவி அவிழ்த்து விட்டிருக்கிறார். மூன்றாவது நாளிலிருந்து அவர் ஷூவைக் கட்டிய நிலையிலேயே கழற்றி, மறுநாள் குதிகால் பக்கத்தை மிதித்து உள்ளே நுழைக்க ஆரம்பித்தார். அப்படி நுழைய வேண்டுமென்றால் லேஸ் தளர்வாக இருந்தாக வேண்டும். தளர்ந்த ஷூவுக்குள் ஒவ்வொரு அடியிலும் குதிகால் மேலும் கீழும் உரசும். மடங்கிய பின்பட்டையும் சேர்ந்து உரசும்.

நம்மில் யாராக இருந்தாலும் ஐம்பது அடி நடப்பதற்குள் வலித்திருக்கும், நின்றிருப்போம். அவருக்கு வலிக்கவில்லை. இரண்டாவது வாரக் கடைசியில், துவைக்க எடுத்த சாக்ஸில் ஈரமும் ரத்தக் கறையும் இருப்பதைப் பார்த்தது அவருடைய மனைவி. வலது குதிகாலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம் உடைந்து இருந்தது.

அன்றே மருத்துவரிடம் அனுப்பினேன். நடையை நிறுத்தினார்கள். தினமும் கட்டு மாற்றி, மூன்று வாரத்தில் ஆறியது. சர்க்கரை உள்ள காலில் இது மூன்று வாரத்தில் ஆறியது அவருடைய நல்ல நேரம். ஆறாமல் போன கால்களை இந்தத் தொழிலில் நான் பார்த்திருக்கிறேன்.

லேஸ் இல்லாத ஷூ வாங்கலாமா

புண் ஆறிக்கொண்டிருந்த நாட்களில் வெல்க்ரோ பட்டை வைத்த ஷூவைப் பற்றிப் பேசினோம். அவருக்கு இஷ்டமில்லை. வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத ஷூ, அதுவும் அளவு பார்த்து வாங்கியது. இன்னொரு செலவு வேண்டாம் என்றார். எனக்கும் ஒரு காரணம் இருந்தது. அவருடைய பாதத்தின் நடுப்பகுதி சற்று உயரம். சாயங்காலமானால் வீக்கமும் உண்டு. லேஸ் என்றால் துளைக்குத் துளை இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பட்டையில் அந்த நுணுக்கம் கிடையாது. லேஸ் முனைகளை ஷூவுக்குள் செருகிவிடலாம் என்று மகன் சொன்னார். அதை நான் உறுதியாக மறுத்தேன். உணர்வு குறைந்த பாதத்தின் மேல் ஒரு முனை அழுத்திக்கொண்டே இருந்தால், அடுத்த புண்ணும் அவருக்குத் தெரியாமலேயே வரும்.

சரி, லேஸ்தான் என்றால் அது ஏன் அவிழ்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும் என்ற இடத்துக்கு அப்போதுதான் வந்தேன்.

கட்டிக் காட்டச் சொன்ன நாள்

நடையைத் திரும்பத் தொடங்க மருத்துவர் சம்மதித்ததும், ஷூவோடு வரச் சொன்னேன். முக்காலியில் உட்கார்ந்து, எப்போதும் கட்டுகிற மாதிரியே கட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

இடது லேஸை வலது லேஸின் மேலாகத் தன் பக்கம் கொண்டுவந்து, சுற்றி அடியில் நுழைத்து இறுக்கினார். அது முதல் முடிச்சு. பிறகு வலது கையில் ஒரு காது பிடித்து, இடது லேஸை மறுபடியும் தன் பக்கமாகவே அதன் மேல் சுற்றி, அடியில் இரண்டாவது காதை இழுத்தார். நன்றாகவே இறுக்கினார்.

கட்டி முடித்ததும் காதுகள் இரண்டும் ஷூவின் குறுக்கே இல்லை. ஒன்று கால்விரல் பக்கமும் மற்றொன்று கணுக்கால் பக்கமும் பார்த்து, ஷூவின் நீளவாக்கில் கிடந்தன. காதுகளை இழுத்து நேராக்கிவிட்டு, முடிச்சுக்கு அடியில் இருக்கும் லேஸை இரண்டு பக்கமும் பிடித்து லேசாக விரித்தேன். முடிச்சு மறுபடியும் திரும்பி நீளவாக்கிலேயே போய் நின்றது.

சாரணர் பயிற்சிக்குப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வலதை இடதின் மேல், அப்புறம் இடதை வலதின் மேல் என்று மாற்றி மாற்றிப் போட்டால் அது ரீஃப் நாட், நிற்கும். இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டால் அது கிரானி நாட், நழுவும். ஷூவில் நாம் கட்டுவதும் இதே இரண்டில் ஒன்றுதான், காது வைத்துக் கட்டுகிறோம் என்பதே வித்தியாசம். அவர் கட்டியது நழுவுகிற வகை. எவ்வளவு இழுத்து இறுக்கினாலும் அதன் வகை மாறாது.

ஏன் நடக்க நடக்க அவிழ்கிறது

உட்கார்ந்திருக்கும்போது அவிழாத முடிச்சு நடக்கும்போது அவிழ்வதற்குக் காரணத்தை 2017-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், ஆலிவர் ஓ'ரெய்லியும் அவருடைய மாணவர்கள் இருவரும் ஆராய்ந்து வெளியிட்டார்கள். டிரெட்மில்லில் ஓடுகிறவரின் ஷூவை வேகக் கேமராவில் படம் பிடித்தார்கள். கால் தரையில் மோதும் கணத்தில் புவியீர்ப்பைப்போல் சுமார் ஏழு மடங்கு அதிர்வு முடிச்சின் மேல் விழுகிறது. அது முடிச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறது. அதே சமயம், கால் முன்னும் பின்னும் வீசும்போது தொங்கும் லேஸ் முனைகள் சாட்டை மாதிரி விசிறப்பட்டு, யாரோ பிடித்து இழுப்பதுபோல் இழுக்கின்றன. காலை ஆட்டிக்கொண்டு மட்டும் இருந்தாலோ, நின்ற இடத்தில் தரையை ஓங்கி மிதித்துக்கொண்டு மட்டும் இருந்தாலோ அவிழவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் அவிழ்ந்தது. அதுவும் வெகுநேரம் ஒன்றும் நடக்காதது போலிருந்து, தொடங்கிய பிறகு சில அடிகளிலேயே முழுவதும் விட்டுப்போனது. "இப்பத்தான் பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு" என்று எல்லோரும் சொல்வது இதனால்தான்.

ஒரே பக்கமாகப் போட்ட முடிச்சு ஏன் பலவீனம் என்பதற்கு 2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் விளக்கம் கொடுத்தார்கள். இழுத்தால் நிறம் மாறும் இழைகளில் முடிச்சுப் போட்டு, எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்று பார்த்திருக்கிறார்கள். முடிச்சுக்குள் அடுத்தடுத்த குறுக்குகளில் இழை எதிரெதிர்த் திசையில் முறுக்கிக்கொள்ள முயன்றால் ஒன்றை ஒன்று பிடித்து நிறுத்துகிறது. ஒரே திசையென்றால் உருண்டு நழுவுகிறது.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கி, முறுக்குத் திசை மாறணும் என்று மட்டும் ஆரம்பித்தேன். அவரே முடித்து வைத்தார்.

"அட, டபுளிங் மில்லுல செய்யற வேலையாச்சேங்க அம்மிணி! ஒத்த நூலு ஒரு பக்கம் முறுக்கீருக்கும். ரெண்டு நூலைச் சேத்தறப்போ அதுக்கு எதுர்ப்பக்கம் முறுக்குவாங்க. அதே பக்கம் முறுக்குனா நூலு அடங்காதுங்களே, சுருண்டுக்கும்."

டபுளிங் நூலும் ஷூ முடிச்சும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. இரண்டிலும் எதிர் முறுக்கு செய்கிற வேலை ஒரே மாதிரியானது, அவ்வளவுதான். ஆனால் அரை மணி நேரம் நான் படம் போட்டு விளக்கியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக அவருக்குள் போயிருக்காது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னங்கயிறு திரிக்கிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள் என்று அவரே சேர்த்துக்கொண்டார். புரிகளை ஒரு பக்கம் முறுக்கி, சேர்க்கும்போது எதிர்ப்பக்கம் திரிப்பார்கள்.

பேத்தி சொல்லிக் கொடுத்த விதம்

ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. அடுத்த முறை பேத்தியும் கூட வந்தாள். அவளுடைய பள்ளி ஷூவைப் பார்த்தேன். காதுகள் அழகாகக் குறுக்கே கிடந்தன. சரியாகக் கட்டத் தெரிந்தவள் சொல்லிக் கொடுத்தது எப்படித் தப்பானது?

"அப்பாருக்கு எதுத்தாப்ல உக்காந்து முதல் முடிச்சு சொல்லிக் கொடுத்தேன். காது வைக்கறது அவருக்கு வரல. அப்பறம் பக்கத்துல வந்து கையைப் புடிச்சுச் சொல்லிக் கொடுத்தேன்" என்றாள்.

விஷயம் அங்கேதான் இருந்தது. எதிரே உட்கார்ந்து பார்த்துச் செய்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறிவிடும். முதல் முடிச்சு அப்படி மாறி அவர் கைக்குள் போயிற்று. இரண்டாவது முடிச்சைப் பக்கத்திலிருந்து கற்றதால் அது மாறவில்லை. ஒன்று மாறி, ஒன்று மாறாமல் போனதால் இரண்டும் ஒரே பக்கமாக விழுந்தன. முழுவதையும் எதிரே இருந்தே கற்றிருந்தால்கூட, இரண்டும் சேர்ந்து மாறி, முடிச்சு சரியாகவே வந்திருக்கும். அந்தக் குழந்தை தன்னால்தான் தாத்தா விழுந்தார் என்று முகம் வாடிவிட்டாள். இதில் உன் தப்பு எதுவும் இல்லை என்று அவளிடம் உட்கார்ந்து விளக்கியது, அன்றைய வேலையில் முக்கியமானது என்று நினைக்கிறேன்.

மாற்றியவை

முதலில் நிலையத்து நடைபாதையில் ஒரு சோதனை. இடது ஷூவில் புது முறை, வலது ஷூவில் பழைய முறை. மனைவி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் கூட நடந்தோம். பன்னிரண்டாவது நிமிடத்தில் வலது ஷூவின் ஒரு காது சிறுத்து, முனை நீண்டு தொங்கியது. முழுவதும் அவிழும்வரை விடாமல் நிறுத்திவிட்டேன். இடது ஷூ கட்டியபடி இருந்தது. ஒரே ஒரு முறை செய்து பார்த்ததை வைத்து பெரிதாக எதுவும் சொல்லக்கூடாது. ஆனால் அவருக்கு நம்பிக்கை வர அது போதுமாக இருந்தது.

மாற்றச் சொன்னது முதல் முடிச்சை மட்டும். இடதை வலதின் மேல் போடுவதற்குப் பதில் வலதை இடதின் மேல். காது வைக்கும் பகுதியைத் தொடவில்லை, ஏனென்றால் அது கைக்குப் பழகிவிட்டது. வீட்டில் கட்டில் காலில் ஒரு நாடாவைக் கட்டி, காலையும் மாலையும் இருபது முறை கட்டி அவிழ்க்கச் சொன்னேன். மணிக்கட்டுக்கும் விரல் பிடிக்கும் அதுவே பயிற்சியாகவும் ஆனது. ரப்பர் பந்தை அழுத்துவதைவிட இதை அவர் மனதோடு செய்தார்.

சரிபார்க்க ஒரே அடையாளம் கொடுத்தேன். காதுகள் குறுக்கே கிடந்தால் கிளம்பலாம், நீளவாக்கில் கிடந்தால் அவிழ்த்துக் கட்ட வேண்டும்.

லேஸையும் மாற்றினோம். ஷூவோடு வந்தது வழவழப்பான பாலியஸ்டர் உருட்டு லேஸ், முனைகளும் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கின. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு நாடா ஓட்டும் நண்பரிடம் தட்டையான பருத்தி நாடா வாங்கி வந்தார். பருத்திக்குப் பருத்தி உரசல் அதிகம், அதனால் முடிச்சு எளிதில் நழுவாது. துளைக்குள் நுழைய முனை கெட்டியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் என்றால் நெருப்பில் காட்டினால் உருகிக் கெட்டியாகும், பருத்தி எரிந்துதான் போகும். அவர் முனையில் நூலை நெருக்கமாகச் சுற்றிப் பசை தடவிக் காயவைத்தார். கடையில் வாங்கியதுபோல் இருந்தது.

அடுத்த பத்து வாரம்

முதல் பத்து நாளில் இரண்டு காலை, பழைய பழக்கத்தில் காதுகள் நீளவாக்கில் விழுந்தன. இரண்டு முறையும் திண்ணையிலேயே பார்த்துத் திரும்பக் கட்டிவிட்டார். நடுவில் ஒரு மழை நாளில், நனைந்த நாடா நடக்கும்போது தளர்ந்திருக்கிறது. அவிழவில்லை, ஆனால் நின்று கட்ட வேண்டியிருந்தது. அதற்காக நான்காவது வாரம் இன்னொன்று சொல்லிக் கொடுத்தேன். காதைச் சுற்றும்போது ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று சுற்றி, பிறகு இரண்டாவது காதை இழுப்பது. பிடி கூடும். ஆனால் இரட்டை முடிச்சு மாதிரி இல்லாமல், முனையை இழுத்தால் அவிழ்ந்துவிடும். அவர் கைக்கு அதுதான் முக்கியம். பத்து வாரத்தில் நடக்கும்போது முழுதாக அவிழ்ந்தது ஒரு தடவையும் இல்லை. விழவும் இல்லை.

ஷூவை ஒவ்வொரு முறையும் அவிழ்த்துக் கழற்றுகிறார். கழற்றியதும் மனைவி பாதத்தைப் பார்க்கிறார். புதுப் புண் எதுவும் வரவில்லை. மணிக்கட்டு முழுவதும் திரும்பவில்லை, முக்கால் பங்கு மடங்குகிறது.

இனி மாற்றிச் செய்வது

மணிக்கட்டு இறுகியவருக்கோ பாதத்தில் உணர்வு குறைந்தவருக்கோ இரட்டை முடிச்சுப் போடச் சொல்ல மாட்டேன். அவிழ்க்க முடியாத ஷூ அவருக்கு அவிழ்கிற ஷூவைவிட ஆபத்தாகவே முடிந்தது. அவிழ்ந்தால் விழலாம் என்பது எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரியும். தளர்ந்த ஷூ உள்ளே செய்கிற வேலை யாருக்கும் தெரிவதில்லை.

கட்டச் சொல்லிக் கொடுப்பவர்கள் எதிரே உட்காராமல், பக்கத்தில், அதே திசையைப் பார்த்து உட்கார வேண்டும் என்பதை வீட்டுக்காரர்களிடம் சொல்கிறேன். வெல்க்ரோ பற்றி என் கருத்து இன்னும் முழுதாக முடிவாகவில்லை. இவர் கற்றுக்கொண்டார், ஏனென்றால் நூலோடு வாழ்ந்த கை. பார்வை மங்கியவருக்கும் இரண்டு கையும் ஒத்துழைக்காதவருக்கும் லேஸை வற்புறுத்துவது சரியாக இருக்காது. அவர்களுக்கு முதலிலேயே பட்டை வைத்த ஷூதான் சொல்வேன்.

என் ஷூவையும் அன்று சாயங்காலம் பார்த்தேன், காதுகள் குறுக்கேதான் இருந்தன. உதவிக்கு இருக்கும் பெண்ணின் ஷூவில் நீளவாக்கில் கிடந்தன. அவளும் இப்போது மாற்றிக் கட்டுகிறாள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நிரப்பும் படிவத்தில், விழுந்த விவரத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'ஷூ போட்டு, கட்டி, அவிழ்த்துக் காட்டச் சொல்லவும்.'